வீட்டுக்குள் ஒரு பெரட்டுக்களம்

பழைய லொறி ஸ்டார்ட்டரை இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள், ஐயா. அதற்குள் இருக்கும் காந்தச் சுருளுக்குக் கரண்ட் கொடுத்தால் விரல் தடிமன் கம்பியையும் படக்கென்று இழுக்கும். என் வீட்டு வாசல் தாழ்ப்பாளை அதில்தான் செய்தேன். இரத்தோட்டையில் இருபது வருஷமாக ரேடியோ திருத்துகிறேன். எதையும் வீணாக்கிப் பழக்கமில்லை.

கடைக்குப் பின்னால், மேட்டில் வீடு. இரண்டுக்கும் நடுவே வயர் இழுத்தேன். வீட்டில் என் மனைவி சந்திரகாந்தா பொத்தானை அழுத்தினால் கடையில் என் மேசைமேல் பல்பு எரியும். நான் சுவிட்சைப் போட்டால் அங்கே கதவு திறக்கும். வீட்டுக்கு அது ஒன்றுதான் வாசல்; உள்ளேயிருந்து திறக்க வழி வைக்கவில்லை. கரண்ட் போனாலும் பற்றரியில் வேலை செய்யும்.

அது இரண்டாயிரத்தெட்டாம் வருஷம். இராணுவச் சுற்றிவளைப்பு எப்போது வரும், யாரை ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று தெரியாத காலம். இவளோ எல்கடுவைத் தோட்டத்தில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்க நினைத்த நேரம் பஸ் ஏறிவிடுவாள். பயத்தில்தான் செய்தேன். வாக்குமூலத்தில் அன்பில் என்று எழுதினாலும் சரிதான்.

என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்புவார். பிந்தி வந்தவரைத் திருப்பி லயத்து வீட்டுக்கே விரட்டுவார், அழுதாலும் அசையமாட்டார். அதனால் ஒழுங்கு இருந்தது. நானும் அப்படியே வைத்தேன். மணிக்கு ஒரு தடவை அவள் பொத்தானை அழுத்த வேண்டும். நேரத்துக்கு அழுத்தினால் கொஞ்ச நேரம் முற்றத்துக்கு விடுவேன். பிந்தினால், அழுத்திய நேரத்திலிருந்து அரை மணி நேரம் கதவு திறக்காது. அதற்குள் எத்தனை தடவை அழுத்தினாலும் சேர்த்தி இல்லை.

“என்னங்க, இது வீடா, பெரட்டுக்களமா?” என்று முதல் நாள் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். பழகிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமை இரண்டு மணிக்குப் பல்பு எரியவில்லை. ஏழு நிமிஷம் கழித்து எரிந்தது. எனக்குக் கோபம், மறைக்கவில்லை. இரண்டேகாலுக்கு அது விடாமல் மின்னத் தொடங்கியது. அடம் பிடிக்கிறாள் என்று ஒரு ரேடியோவைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டு ஹமீமா ஓடி வந்தாள். “அண்ணே, ஒங்க குசினியில அடுப்புத் தீ பத்திக்கிச்சு. அவங்க ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டு கத்துறாங்க. கதவத் தெறங்க.”

“நேரம் வந்தா தெறக்கும், தங்கச்சி,” என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட ஓடினாள். அலவாங்குக் கம்பியால் கதவை இடிக்கிற சத்தம் கடைவரை கேட்டது. நான் செய்த தாழ்ப்பாள் லேசில் உடையாது.

புகை எனக்கும் தெரிந்தது, ஐயா. சுவிட்ச் என் வலது கைக்கு ஒரு சாண் தூரம். எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் பிறகு தினமும் பிந்துவாள்.

கொஞ்ச நேரத்தில் பல்பு மின்னுவது நின்றது. ஒரு வழியாக அடங்கிவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரண்டு முப்பத்தேழுக்குச் சுவிட்சைப் போட்டேன். கதவு உடனே திறந்தது. நான் ஒரு நிமிஷம்கூடப் பிந்தவில்லை.