அம்மன் சொன்ன இடம்

நரசிம்மலு: ...அதான் ரெண்டு பொட்டலம் கட்டித் தட்டுல வெச்சுப்போட்டேன். செவப்புப் பூ வந்தா, காரமடை தாண்டி நான் குடுக்குற தோட்டம். வெள்ளை வந்தா, பஸ் ஸ்டாண்டுக்கிட்ட டிரஸ்டோட பழைய குடோன். குழந்தைக ஆஸ்பத்திரி எங்கன்னு அம்மனே சொல்லட்டுமுங்க, டாக்டரம்மா.

டாக்டர் ஷைலா: டிரஸ்டுல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா சார்?

நரசிம்மலு: வெளிய மண்டபத்துலதான் காத்துட்டிருக்காங்க. பூ சொல்லிட்டா மறுபேச்சு இல்லீங்க. நீங்களும் தலை நெறைய மல்லிகையோட நம்ம மில் கோயிலுக்கு வந்திருக்கீங்க... சந்தோசமுங்க.

ஷைலா: சத்தியமங்கலத்துல இருந்து வலிப்பு வந்த புள்ளையத் தூக்கிட்டு வர்றவ, உங்க தோட்டத்துக்கு எத்தனை பஸ் மாறணும்னு அம்மன்கிட்டச் சொன்னீங்களா?

நரசிம்மலு: ரெண்டே பஸ்ஸுங்க. அப்புறம் சித்த நடை... ஆனா காத்து இருக்குது பாருங்க, அருமையான காத்து!

ஷைலா: புள்ளைக்கு அதுவரைக்கும் மூச்சு இருக்கணுமே சார்.

நரசிம்மலு: ஏனுங்க இப்படி... இருங்க, பையன் போன்ல கூப்புடறான். சொல்லு உதய் கண்ணு... என்ன போர்டு? தோட்டத்தச் சுத்தி நாம விக்கற சைட்டுக்கா? இப்ப வெக்காத, ஆஸ்பத்திரி முடிவானதும் வெய்யி... இரு இரு, வெளிய வாரேன். டாக்டரம்மா, தட்டைச் சித்த பாத்துக்குங்க.

ஷைலா: பத்திரமா பாத்துக்கறேனுங்க.

—

நரசிம்மலு: வந்துட்டேனுங்க. நிம்மதியா சாமி கும்பிட விடமாட்டேங்கறானுக.

ஷைலா: யாருங்க... காத்து வாங்க வர்றவங்களா?

நரசிம்மலு: ஹிஹி... நீங்களே ஒரு பொட்டலம் எடுங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க.

ஷைலா: ஐயோ, உங்க கோயில். நீங்க எடுங்க.

நரசிம்மலு: அட, எடுங்கன்னா.

ஷைலா: பெரியவங்க நீங்க இருக்கறப்ப...

நரசிம்மலு: சரி, யாரு எடுத்தா என்னங்க! இதா... பிரிச்சாச்சு... ஏனுங்க... வெள்ளை?

ஷைலா: பஸ் ஸ்டாண்டுங்க! அம்மனுக்கு நல்ல மனசு.

நரசிம்மலு: அதெப்படிங்க வெள்ளை வரும்?

ஷைலா: ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளைன்னுதானே சொன்னீங்க?

நரசிம்மலு: நான் என் கையால ரெண்டுலயும்...

ஷைலா: ரெண்டுலயும்?

நரசிம்மலு: ...ஒண்ணுமில்லீங்க. அந்த இன்னொண்ணைப் பிரிங்க, பாக்கலாம்!

ஷைலா: பிரிக்கலாமே. அதுலயும் மல்லிகைதானுங்க. நீங்க வெச்ச ரெண்டு செவப்பரளியும் என் கைப்பைல பத்திரமா இருக்கு. போன் பேசிட்டு வந்தவரு என் தலையைப் பாக்கவே இல்லீங்களே... மண்டபத்துல இருக்கறவங்களையும் கூப்பிட்டே பிரிக்கட்டுங்களா சார்?