சிவப்பு ரிப்பன் கட்டிய பிரம்பு

தெல்தெனியவிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண்ணும் அவருக்குக் காட்டில் வழி காட்டுகிற ஒருவரும் இருந்தார்கள். அந்தப் பெண்ணின் மடியில் வெட்டுப்பட்ட பிரம்புக்கொடித் துண்டு ஒன்று கிடந்தது.

"செத்த பொறகுதான் இதுக்குப் பேரு வைக்கணும் போல" என்றார் அந்தப் பெண். "ரெண்டு வருஷமா இலை கிள்ளிட்டுப் போயி டிஎன்ஏ பார்த்தோம். இது தனி இனம்னு இப்பத்தான் முடிவு வந்துச்சு. வந்து பார்த்தா கொடியே இல்ல. ஏண்ணே வெட்டினாங்க?"

"நீங்க சிவப்பு ரிப்பன் கட்டினீங்களே, மிஸ்."

"யாரும் தொடக்கூடாதுன்னுதானே கட்டினேன்."

"ரோட்டு வேலைக்காரங்க வெட்ட வேண்டிய மரத்துக்குத்தான் சிவப்பு ரிப்பன் கட்டுவாங்க. அதான் தேடித் தேடி வெட்டியிருக்காங்க."

"நான் கட்டும்போது நீங்கதானே கொடியைப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க. அப்பவே சொல்லியிருக்கலாமே."

"படிச்சவங்க கட்டுறீங்க. ஆராய்ச்சிக்கு வெட்டப் போறீங்கன்னு நெனச்சேன்."

அந்தப் பெண் மடியில் கிடந்த துண்டைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"ஒண்ணுகூட மிச்சமில்லையா?"

"ஒண்ணு நிக்குது, மிஸ். ஓடைப் பக்கத்துல, ரிப்பன் பத்தலைன்னு விட்டுட்டு வந்தோமே, அது."

"அதுக்காவது ஒரு போர்டு வைக்கணும்."

"வேணாம் மிஸ்" என்றார் அவர். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."