ஒத்தக் கையால தந்த சாயா

இல்ல, இது பழைய கம்ப்ளைண்ட் இல்ல கேட்டியளா. அது நீங்க வந்த அன்னைக்கே செரியாயிற்று. இது வேற. குளிமுறியில தண்ணியத் தொறந்தா இந்த கேஸ் ஹீட்டர் டிக் டிக்குன்னு ஒரு சத்தம் போடும்லா, பொறகு பக்குன்னு தீ பிடிக்கும்லா, அந்த டிக்கே இல்ல. தொறக்கேன், அடைக்கேன், தொறக்கேன், ஒரு அனக்கமும் இல்ல. வாருங்க, உள்ள வாருங்க, செருப்பு கெடக்கட்டும். போன்ல பத்து மணிக்கு வாறேன்னு சொல்லிட்டு இப்பமே வந்து நின்னா நான் என்ன செய்வேன்? தலைகூட வாரல்ல.

முதல்ல இந்தச் சாயாவப் பிடியுங்க. ஒத்தக் கையால தாறேன்னு தப்பா நினைக்காதிய, மத்தக் கையில ஒரு சோலி இருக்கு. என்ன சோலியா? அது பொறகு. மேடமா? என்னத்துக்கு மேடம்! நீங்க களியக்காவிளை, நான் மார்த்தாண்டம், நமக்குள்ள என்ன மேடம்? சுசீலாபாய்னு நல்ல பேரு இருக்கு, அதச் சொல்லுங்க. இந்தக் கரமனையில பகல் முச்சூடும் மலையாளம் பறஞ்சு எனக்கு வாயே கோணிப் போச்சு. நீங்க வந்தாத்தான் நம்ம தமிழு வெளியில வருது.

பேட்டரியா? அத எதுக்குத் தொறக்கிய? போன தடவை நீங்கதான புதுசு ரெண்டு போட்டிய. நீங்க போட்ட பேட்டரிய நீங்களே நம்பலியா? அது அங்க கெடக்கட்டும். தண்ணி வரத்தப் பாருங்க. தண்ணிக்கு வேகமில்லன்னா ஸ்பார்க் வராதுன்னு அன்னைக்கு நீங்கதான் சொன்னிய. ஆமா, அந்தச் சல்லடையில மண்ணு அடைஞ்சிருக்கும், கழத்திப் பாருங்க. பைய பாருங்க, ஒரு அவசரமும் இல்ல. சுத்தமா இருக்கா? அடக் கடவுளே! அப்பம் சிலிண்டரப் பாருங்க. ரெகுலேட்டரப் பாருங்க, ட்யூபப் பாருங்க. நானா? நான் எங்க சிரிச்சேன்? இருமல்.

இன்னைக்கே இது என்னன்னு தெரியணும் எனக்கு. சாயங்காலம் எனக்க தம்பி யோசுவா மார்த்தாண்டத்துல இருந்து வண்டி பிடிச்சிட்டு வாறான். அக்கா ஒத்தைக்கு அங்க கெடக்காண்டாம், வீட்ட ஒழிச்சிட்டு எங்கூட வந்திருன்னு ஒரே பிடிவாதம். நல்ல பயலுதான், குத்தம் சொல்லப்பிடாது. ஆனா அவனுக்க வீட்டுல நான் யாரு? பிள்ளையளுக்குச் சோறு போடவும் முற்றம் பெருக்கவும் ஒரு அத்தை. இங்கன்னா கிழக்கேகோட்டையில துணிக்கடை வேலை இருக்கு, வீட்டுச் சாவி எனக்க இடுப்புல இருக்கு, நினைச்ச நேரம் சுடுதண்ணியில குளிப்பேன், பாட்டும் பாடுவேன். எனக்குப் போக மனசே இல்ல. ஆனா வெறுதே மாட்டேன்னு சொன்னா, அங்க உனக்கு என்ன இருக்குன்னு கேப்பான். என்ன சொல்லதுக்கு?

ஜன்னலா? தொறந்துதான் இருக்கு, எட்டிப் பாருங்க. அன்னைக்கு எப்படி ஏசினிய! பல்லி வருதுன்னு அட்டைய வச்சு அடைச்சிருந்தேன். அதுக்கு, அடைச்ச முறியில கேஸ் ஹீட்டரப் போட்டுக் குளிச்சா மயங்கி விழுந்து செத்துப் போவிய, ஒருத்தருக்கும் தெரியாது, புத்தி இல்லியான்னு ஒரு சத்தம். கீழ்வீட்டுக்காரியெல்லாம் எட்டிப் பாத்தாவ. நீங்க போன பொறகு நான் கதவ அடைச்சிட்டு அழுதேன். ஐயே, வருத்தத்துல இல்ல! எனக்க வீட்டுக்காரரு தவறிப் போயி இத்தன வருசத்துல நான் செத்துப் போயிருவேன்னு ஒருத்தரும் எங்கிட்ட சத்தம் போட்டதில்ல.

மறுநாள் காலையில போன். ஜன்னல் தொறந்திருக்கா? அவ்வளவுதான், வச்சிட்டிய. அதுக்கு அடுத்த நாளும் அதே கேள்வி. அன்னைக்குக் கடையில ரவிக்கைத் துணி கேட்டு வந்தவளுக்கு நான் பெட்ஷீட்ட எடுத்து விரிச்சுப் போட்டேன். முதலாளி ஒரு பார்வை பாத்தாரு. பொறகொரு நாளு போன்ல, நீங்களும் மனைவி போன பொறகு தம்பானூர்ல ஒரு ஒத்த முறியில ஓட்டல் சோறு தின்னு கெடக்கேன்னு சொன்னிய. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல்ல.

இன்னொண்ணு கேக்கட்டா? மீன் கொண்டு வாறவரு எனக்கு அண்ணன். ஆட்டோக்காரரு அண்ணன். கரண்டு ரீடிங் எடுக்க வாற பையனுக்கு எனக்க பாதி வயசு, அவனும் அண்ணன். வேலைக்கு வாற ஆம்பளைய நம்ம பக்கத்துப் பெண்ணுங்க வேற என்ன விளிப்பாவ? உங்கள நான் என்னன்னு விளிச்சிருக்கேன்? யோசிச்சுப் பாருங்க. போன்லயும் செரி, வாசல்லயும் செரி, கேட்டியளா, இங்க பாருங்க, அவ்வளவுதான். நாக்கு நுனி வரைக்கும் வரும், பிடிச்சு விழுங்கிருவேன். மத்தவிய போன்ல கேஸ் அண்ணன்னு போட்டு வைப்பாவ. எனக்க போன எடுத்துப் பாருங்க, உங்க பேரு மட்டும், வெறும் தாசையன்.

என்ன அப்படிப் பாக்கிய? ஸ்பேனரக் கீழ போட்டிராதிய. செரி, இப்பம் தொறங்க அந்தப் பேட்டரிப் பெட்டிய. ஒண்ணுதான் இருக்கா? மத்தது இந்தா, எனக்க கையில. கழத்தி எடுத்தேன், ஒளிச்சு வைக்க இடம் பாக்கதுக்குள்ள நீங்க மணியடிச்சாச்சு. அதான் ஒத்தக் கையால சாயா. ஹீட்டருக்கு ஒரு கேடும் இல்ல, எனக்குத்தான் கிறுக்கு.

இஷ்டமில்லன்னா பேட்டரியப் போட்டிட்டு இறங்கிப் போங்க. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் வராது. நான் சாயங்காலம் தம்பிகூட வண்டி ஏறிருவேன். இந்தா, பிடியுங்க பேட்டரிய.

அய்யே, அத எதுக்கு உங்க பையில போடுதிய? அது எனக்க பேட்டரியாக்கும்! என்னது? இது லேசுல தீராத கம்ப்ளைண்டா? நாளைக்கும் வந்து பாக்கணுமா? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிஞ்சு வாறதா? ஐயோ, அப்பம் தம்பிகிட்ட நான் என்ன சொல்லுவேன்? நீங்களே சொல்லுதியளா? ஹீட்டர் காரியமா, மத்த காரியமா?

ரெண்டுமா!

இருங்க, ஸ்டூல இழுத்துப் போட்டு இருங்க, அவன் வர சாயங்காலம் ஆகும். அந்தச் சாயா ஆறிப் போச்சு, குடிக்காண்டாம். வேற போட்டு ரெண்டு கையாலயும் தாறேன்.