சுங்கை புரோங் வெயிலில் ஒரு கண்ணாடி

—அதான் சொல்றேனே மவு, தெரியுது லா! "தெரியுதா"ன்னு நீ கேட்டதுகூட கண்ணாடியில வந்துருச்சு, கேள்விக்குறியோட.

—இந்த வெயில்லயுமா? என் மனசுக்காகச் சும்மா சொல்லாதீங்க.

—இந்த வெயில்லயேதான். ரூமுக்குள்ள எவன் வேணாலும் படிப்பான். இது சுங்கை புரோங் வயல், உச்சி வெயில். மேசைமேல உன் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, உனக்குப் பின்னால ரெண்டு கொக்கு. எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. உன் மொகத்துக்குக் கீழ உன் பேச்சு எழுத்தா ஓடுது.

—ரோட்டுல நம்ம ஊரு அர்ஜுனன் அண்ணன் மோட்டார் சைக்கிளை நிறுத்திட்டு நம்மளையே பாக்குறாரு. கண்ணாடி விக்க வந்திருக்கோம்னு நெனச்சிட்டாரு போல.

—பாக்கட்டும். என் பொண்டாட்டி செஞ்ச கண்ணாடி, பாத்தா என்ன கொறஞ்சா போயிரும்? காய்ச்சல்ல எனக்குக் காது போனதுலேர்ந்து நீ ஹேன்போன்ல எழுதணும், நான் குனிஞ்சு படிக்கணும். நான் நிமிர்ந்தா நீ குனிஞ்சிருப்ப. சண்டை போட்டப்பகூட உன் கோவத்தை நான் பாத்ததில்ல, உன் எழுத்துப் பிழையைத்தான் பாத்தேன்.

—மிஸ்டர் காப்ரியல், என் தமிழைக் கிண்டல் பண்ணாதீங்க! நான் சர்க்யூட் போடுறவ.

—அந்த சர்க்யூட்டைத்தான் இன்னொரு தடவை சொல்லேன். கேக்கக் கேக்க ஆசையா இருக்கு.

—எத்தனை தடவை! எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கில்ல? ஒவ்வொரு புள்ளியிலயும் மணலைவிடப் பொடியா ஒரு வெளக்கு. அதுக்கு எவ்வளவு கரண்டு போகணும்னு பாத்துக்க ஒரு குட்டி சர்க்யூட். கண்ணாடிய ரொம்ப மறைக்கிறது வெளக்கு இல்ல, இந்த சர்க்யூட்தான். எல்லாரும் அதை வெளக்குக்குப் பக்கத்துல வைப்பாங்க. கண்ணாடி மங்கிடும்.

—நீ எங்க வச்ச?

—வெளக்குக்கு அடியில. வெளக்கு உக்காந்த எடம் எப்படியும் மறைஞ்ச எடம்தானே? மிச்சமெல்லாம் வெறும் கண்ணாடி. இன்னொண்ணு, வெயில் பட்டா சர்க்யூட்ல கரண்டு ஒழுகும். இப்ப வெளக்கே அதுக்குக் குடை புடிக்குது.

—ஆண்டவரே! மொத கண்ணாடி கொண்டாந்தியே, ஒவ்வொரு எழுத்துக்குப் பக்கத்துலயும் பேய் மாதிரி இன்னொரு எழுத்து நின்னுச்சு. அடுத்ததுல பாதி எழுத்தே வரல. வேற ஆளா இருந்தா தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பான். இந்த மூளையக் கட்டிக்கிட்டு நான் தஞ்சோங் காராங் ஹார்ட்வேர் கடையில ஸ்க்ரூ வித்துக்கிட்டிருந்தேனே!

—ஸ்க்ரூ விக்கிற அந்தப் பேச்சுலதானே நான் மயங்குனேன். ஒரு வாஷர் வாங்க வந்தவங்களை மத்தியானம் வரைக்கும் சிரிக்க வச்சு அனுப்புவீங்க.

—இப்ப கடை மொதலாளி தவுக்கே என்னைப் பின்னால ஸ்டோர்ல போட்டுட்டாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது. வாஷர் கேட்டவனுக்கு நான் பெயிண்ட் எடுத்துக் குடுத்தா என்ன பண்ணுவாரு? இந்தக் கண்ணாடி மட்டும் கவுண்டர்ல நிக்கட்டும், நான் மறுபடி முன்னால வந்து நிப்பேன். ஏன் மொகம் மாறுது?

—அதைத்தாங்க சொல்லணும். எங்க கம்பெனி பாஸ் நேத்து கூப்பிட்டாரு. வெளக்குக்கு அடியில இருக்கிற எடம் பத்தாதாம். சர்க்யூட் சின்னதா இருக்கிறதால வெளிச்சம் கொறையுதாம். ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்காரங்களுக்கு எழுத்து கண்ணைப் பறிக்கணுமாம். சர்க்யூட்டைப் பெருசாக்கி வெளிய எடுத்து வைன்னு சொல்றாரு.

—அப்ப கண்ணாடி?

—கோப்பி ஊத்துன கிளாஸ் மாதிரி இருக்கும். எழுத்து ஜோரா தெரியும். பின்னால நிக்கிறவங்க மொகம் தெரியாது.

—கைய வாய்க்கு முன்னால வைக்காதே மவு. திரும்பச் சொல்லு.

—மொகம் தெரியாதுன்னேன்.

—அவருக்கு நீ என்ன பதில் சொன்ன?

—மொகம் வேணும் சார்னேன். "எழுத்து வந்தா போதுமே, மொகம் எதுக்கு?"ன்னு கேட்டாரு. கரண்டு கணக்கு கேட்டா பக்கம் பக்கமா சொல்லுவேன். மொகம் எதுக்குன்னு கேட்டா எதை அளந்து காட்டுறது?

—எப்ப முடிவு சொல்லணும்?

—இன்னைக்கே. சர்க்யூட் லேயவுட் ஃபேக்டரிக்குப் போயிட்டா அப்புறம் ஒண்ணும் மாத்த முடியாது. "சரி"ன்னு டைப் பண்ணி வச்சிருக்கேன், இன்னும் அனுப்பல. அதுக்குத்தான் உங்களை இங்க இழுத்துட்டு வந்தேன். இந்தத் தெளிஞ்ச கண்ணாடி வழியா ஒரு தடவையாவது நல்ல வெளிச்சத்துல உங்ககிட்ட பேசிடணும்னு.

—அழுவாதே லா.

—அழுவல, வெயில் கண்ணுல அடிக்குது. மங்குன கண்ணாடின்னாலும் உங்களுக்குக் கவுண்டர்ல வேலை ஆகுங்க. எழுத்தைப் படிச்சு எடுத்துக் குடுத்துருவீங்க. அது போதும்னு அனுப்பிடவா?

—எனக்குப் போதாது. வர்றவன் சிரிக்கிறானா மொறைக்கிறானான்னு தெரியாம நான் என்னத்தப் பேசுறது?

—அதை நான் சொன்னா அவரு நம்பணுமே...

—குனியாதே, என்னைப் பாத்துப் பேசு. கடைசியா என்ன சொன்ன?

—அவரு நம்ப மாட்டாருன்னேன்.

—நம்புவாரு. மொகம் எதுக்குன்னு காட்ட நானே சாட்சி. எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து கண்ணாடியப் பாரு.

—எதுக்கு? என் பக்கத்துலேர்ந்து எழுத்து தெரியாதுதான், ஆனா... ஏங்க! ஒண்ணையும் காணோமே! பேட்டரி செத்துப்போச்சா? எப்ப நின்னுச்சு?

—நீ கோப்பி கிளாஸ்னு சொன்னியே, அப்பவே.

—அப்பவேவா? அப்ப இவ்வளவு நேரமும் எதைப் படிச்சுப் பதில் சொன்னீங்க?

—உன்னைத்தான். இத்தனை மாசமா எழுத்தையும் உன் வாயையும் ஒண்ணாவே காட்டிக்கிட்டிருந்தியே மவு, எனக்கு இப்ப எழுத்து இல்லாமலே நீ பேசுறது புரியுது.