ஆடி மாதத்தில் ஒரு காலி சீட்

சமயநல்லூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு பெண் இருந்தாள். தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. பக்கத்து இடத்தில் பையை வைத்திருந்தாள். கம்பியைப் பிடித்து நின்ற இளைஞனிடம் மெல்லச் சொன்னாள்.

"தள்ளி நில்லுங்க மாமா. நாம புருஷன் பொண்டாட்டின்னு யாருக்காச்சும் தெரிஞ்சிரப் போகுது."

"தெரிஞ்சா என்ன? ஊரைக் கூட்டித்தானே தாலி கட்டுனேன்?"

"ஆடி முடியிற வரைக்கும் பாத்துக்கக் கூடாதுன்னுதானே எங்கம்மா என்னையக் கூட்டிட்டு வந்துச்சு? ஆடியில சேந்திருந்தா சித்திரை வெயில்ல பிள்ளை பிறக்குமாம்."

"பஸ்ல நின்னா எப்படிப் பிறக்கும்?"

நான் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

"எதுக்கு வரச் சொன்னேன்னு கேக்கவே இல்லையே. நாள் தள்ளிப் போயிருக்கு. காலையில வீட்டுலயே டெஸ்ட் பண்ணேன். ரெண்டு கோடு."

அவன் விரல்களை மடக்கி மாதங்களை எண்ணினான்.

"அப்ப இது ஆனியிலயே..."

"மெதுவாப் பேசுங்க! ஆமா. பங்குனியில பிறந்துரும்."

"பங்குனியில மட்டும் மதுரை என்ன குளுகுளுன்னா இருக்கு? அத்தைகிட்டச் சொல்லிட்டியா?"

"உங்ககிட்டத்தான் மொதல்ல."

"அப்ப அத்தை இம்புட்டு நாளா எதைக் காவல் காத்தாங்க?"

இப்போது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து இடத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க மாமா. இனிமே புதுசா என்ன ஆயிரப் போகுது?"