போயிட்டாரு

— நான் "போயிட்டாரு"ன்னுதானுங்க சொன்னேன், சௌம்யா அம்மிணி. அதுல என்ன தப்பு?

— தப்பு என்னோடது, மாதம்மாக்கா. உங்க வீட்டுக்காரரைப் பத்தின வாக்குமூலத்தை இங்கிலீஷ்ல எழுதினது நான்தானே? "வீட்டை விட்டுக் கிளம்பிட்டார்"னு எழுதித் தொலைச்சிட்டேன். தானாக் கிளம்பிப் போனவரை யார் கடத்தினான்னு ஜெனிவா ஐ.நா. குழுக்காரங்க கேக்கறாங்க.

— ஏனுங்க, நோம்பி, திருவிழாவுக்கா கெளம்பிப் போனாரு? வெறகு பொறுக்குன மனுசனெக் காக்கிச் சட்டைக்காரங்க ஜீப்புல ஏத்திட்டுப் போனாங்க. எங்க மார்டள்ளி ஊரே பாத்துச்சுங்க.

— ஹௌது, ஆமா, அதையெல்லாம் எழுதியிருக்கேன். வெள்ளைக்காரன் போட்ட காட்டுச் சட்டத்தை வெச்சே இன்னிக்கும் உங்களைத் திருடங்கன்னு சொல்றாங்க. இங்க ஒரு கோர்ட்டும் காது குடுக்கலை. பன்னெண்டு வருஷ ஆராய்ச்சி அக்கா, என் புஸ்தகமே இதுதான். ஒரே வார்த்தையில எல்லாத்தையும் கெடுத்துட்டேன்.

— அழுவாதீங்க. விடியால கொள்ளேகால் பஸ்ஸெப் புடிச்சு மைசூருக்கு வந்துட்டேனில்ல? நான் என்ன பண்ணோணும், சொல்லுங்க.

— இன்னும் பத்து நிமிஷத்துல இந்தக் கம்ப்யூட்டர்ல வருவாங்க. "போயிட்டாரு"ன்னா என்னன்னு உங்களையே கேப்பாங்க. "புடிச்சுட்டுப் போனாங்க, எங்கே வெச்சிருக்காங்கன்னு இன்னிக்கும் தெரியலை"ன்னு சொல்லுங்க. அவ்ளோதான்.

— செத்துப் போயிட்டாருன்னு சொன்னா?

— பேடா, வேண்டாம்! அந்த வார்த்தை மட்டும் பேடா, அக்கா! காணோம்னா குத்தம் இன்னும் நடந்துட்டிருக்குன்னு அர்த்தம். இருபத்தெட்டு வருஷம் ஆனாலும் கேஸ் நிக்கும். செத்துட்டார்னா காலாவதின்னு மூடிடுவாங்க. உங்க கேஸை நம்பித்தான் இன்னும் பதினாறு பொம்பளைங்க கேஸ் நிக்குது.

— தெரியுமுங்க. அவிய எல்லாரும் இன்னும் ஊட்டுக்காரரு வருவாருன்னு வாசலெப் பாத்துட்டுக் கெடக்கறாங்க.

— அவங்களுக்காகச் சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்.

— அய்யய்யோ, எந்திரிங்க! பொய்யி என்ற வாயில வராதுங்க, அம்மிணி.

— எது பொய்? உடம்பு கிடைச்சுதா? யாராவது கண்ணால பார்த்தாங்களா? அவர் செத்துட்டார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— மூணாம் நாளு என்னையுங் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி, கையில மம்பட்டியெக் குடுத்தாங்க. அவரெ நாந்தானுங்க பொதைச்சேன்.