பகலில் எடுத்த இரவு

பிளேன்டீக்குச் சீனி காணுமா, இன்னும் போடவா, ஐயா? தொழிற்சங்கத்து வேலையாய்க் கலஹாவிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்திருக்கிறீர்கள். ஆறுதலாகக் குடியுங்கள். என்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை.

என் பெயர் எஸ்ரன். கண்டி டவுனில் கலியாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கலர் மாற்றுவது எனக்குக் கைவந்த கலை. கொட்டும் மழையில் நடந்த கலியாணத்துக்கும் வெயில் அடிக்க வைத்துவிடுவேன்.

கலாராணி பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. தேயிலை பெக்டரியில் மூட்டை தூக்கும் தன் அப்பா அழகமுத்துவைப் பற்றிப் படம் எடுத்து, ஆரம்பக் காட்சியைச் செய்துதரச் சொல்லி வந்தாள். கெமரா, அவளோடு படிக்கிற ரவிகுமார். மனுஷன் மூட்டையோடு பெக்டரியின் பின்கதவால் வருகிறார், லொறியில் ஏற்றுகிறார். உச்சி மத்தியானம். வெளிச்சம் ஆறிய கஞ்சி மாதிரி.

விளையாட்டாகத்தான் வெளிச்சத்தை இறக்கினேன். நீலம் ஏற்றினேன். வானத்தைக் கறுப்பாக்கி, ஒரே ஒரு ஜன்னலில் மஞ்சள் வைத்தேன். ஐயா, உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எழும்பி ஆடினேன். பக்கத்தில் நின்று மூட்டை எண்ணிய கணக்கப்பிள்ளை இரவுக்கு ஒட்டவில்லை, வெட்டிவிட்டேன். அழகமுத்து சும்மா திரும்பிப் பார்த்த துண்டை முன்னுக்குப் போட்டேன். யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதுபோல் அவ்வளவு அழகாகப் பொருந்தியது.

"அண்ணே, அப்பா பகல்லதானே வேல செய்றாரு?" என்றாள் கலாராணி.

"சினிமாம்மா. இரவுதான் எடுப்பு" என்றேன். அவளும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். பேஸ்புக்கில் ஏற்றினோம்.

அந்த பெக்டரியில் கொஞ்ச நாளாகத் தேயிலை களவு போய்க்கொண்டிருந்ததாம். எனக்கு எப்படித் தெரியும்? தோட்டத்து மேனேஜர் துரை வீடியோவைப் பார்த்தார். நிஜ ஆள், நிஜ மூட்டை, கும்மிருட்டு. அழகமுத்துவை வேலையால் நிறுத்தி, பொலிஸில் பிடித்துக்கொடுத்து, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விடச் சொல்லிவிட்டார்கள். பகலில் எடுத்தது என்று கலாராணியும் ரவிகுமாரும் சொன்னார்கள். மகளும் மகளின் சிநேகிதனும் வேறென்ன சொல்வார்கள் என்று துரை சிரித்தாராம். கணக்கப்பிள்ளை தன் வேலைக்குப் பயந்து வாயே திறக்கவில்லை.

கலாராணி அழுதுகொண்டு ஓடிவந்தாள். "அண்ணே, நீங்க கலர் மாத்தாத வீடியோவ குடுங்க. பகல்னு கண்ணால பாத்தா அப்பாவ விட்ருவாங்க."

பாவமாகத்தான் இருந்தது. நான் கல்நெஞ்சன் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த பெக்டரியிலேயே தலை நரைத்த துரை, அதன் பின்கதவைப் பார்த்து இரவு என்று நம்பிவிட்டார். பொலிஸும் நம்பிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவளோ அந்தக் கஞ்சி வெளிச்சத்தைக் கொண்டுபோய்க் காட்டப் போகிறாளாம். "நாளைக்கு வாம்மா" என்று அனுப்பிவிட்டு, பகலில் எடுத்த எல்லாவற்றையும் அழித்தேன். மெமரி கார்ட்டை முன்பே துடைத்தாயிற்று, வேறு பிரதி கிடையாது. டிஸ்க் பழுதாகிவிட்டது என்று அவளிடம் சொன்னேன்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். இது இரவில் எடுத்ததா என்று கேட்டார்கள். "பார்க்கவே தெரியவில்லையா?" என்றேன். அதில் பொய் ஒரு சொட்டும் இல்லை.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றா கேட்கிறீர்கள்? கொழும்பில் மாணவர் படப் போட்டி நடந்தது. விளக்கே இல்லாமல் நிஜ இரவைப் பிடித்த சிறந்த ஒளிப்பதிவு என்று அந்தக் காட்சிக்கு விருது கொடுத்திருக்கிறார்கள். யாருக்கு? ரவிகுமாருக்கு. மத்தியானம் தொப்பி போட்டுக்கொண்டு எடுத்தவன், மேடையில் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டான். மனச்சாட்சி இல்லாத பயல்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அது பகல். அந்த இரவைச் செய்தவன் நான். வீடியோவை அழித்ததும் நான்தான், அது பெரும் பாவம் என்று மனதார ஒப்புக்கொள்கிறேன். அது மட்டும் கையில் இருந்திருந்தால் எனக்கு இப்படியோர் அநியாயம் நடந்திருக்காது.